சுப்பீரியர் ஏரியில் துடுப்புப் பிடித்த பிள்ளைகள்

பேஃபீல்ட்

விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடியில், சரிவில் அடுக்கடுக்காக இறங்கும் சிற்றூர் பேஃபீல்ட். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். எந்தத் தெருவில் நின்றாலும் கீழே நீலம் தெரிகிறது. அதுதான் சுப்பீரியர் ஏரி. எதிரே காடு மூடிய தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. அப்போஸ்தலர் தீவுகள் என்று பெயர். அவற்றில் 20 தீவுகளையும் கரையோரத்தில் ஒரு பகுதியையும் சேர்த்து, 1970-இல் தேசிய ஏரிக்கரையாக அறிவித்துக் காப்பாற்றினார்கள். அதற்காகப் பல ஆண்டு பாடுபட்டவர் அந்த மாநிலத்தின் செனட்டர் கேலார்ட் நெல்சன். புவி நாளைத் தொடங்கிவைத்தவரும் அவரே.

என் மகள் சேர்ந்திருக்கும் இளைஞர் முகாம், கோடைதோறும் பதின்ம வயதுப் பிள்ளைகளை இந்தத் தீவுகளுக்குக் கயாக் படகில் அழைத்துப் போகிறது. இந்த ஜூலையில் எட்டுப் பிள்ளைகள். பதினான்கிலிருந்து பதினேழு வயது. வழிகாட்டிகளாக ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும்; இருவருக்கும் முப்பது ஆகவில்லை. துணைக்கு வரும் பெரியவர்களாக நானும், பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரும்.

நான் காட்டுமன்னார்கோயில் பக்கம். வீராணம் ஏரிக்கரையில் வளர்ந்தவன். பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில் உருவான ஏரி அது. கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வந்து நிரம்பும். ஆயிரமாண்டு வயலுக்குப் பாய்ந்த ஏரி, 2004 முதல் சென்னைக்கும் குடிக்கத் தருகிறது. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்த ஏரியின் மேல் பக்தியும் உண்டு, பயமும் உண்டு. பிள்ளைகளுக்கு அவர்கள் சொல்லிவைத்தது ஒன்றே ஒன்றுதான்: "ஏரிப் பக்கம் போகாதே."

சுப்பீரியர் ஏரியின் பரப்பு 82,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல். மிக ஆழமான இடத்தில் 406 மீட்டர். இந்த ஏரிக்குள் வந்து சேரும் தண்ணீர் வெளியேறிப் போகச் சராசரியாக 191 ஆண்டு ஆகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சேர சோழ பாண்டிய நாடுகளின் ஏரிகள் அத்தனையையும் கொண்டுவந்து கொட்டினாலும் இதன் ஒரு மூலைக்குக் காணாது. இதில்தான் என் பதினைந்து வயது மகள் ஒரு துடுப்போடு இறங்கப்போகிறாள்.

அன்று மாலை துறைமுகத்துக்கு அருகே ஒரு சின்ன உணவகத்தில் சாப்பிட்டோம். பேஃபீல்டுக்கே உரிய பண்டம் வெள்ளைமீன் ஈரல். வேறு ஊர்களில் மீனவர்கள் தூக்கி எறியும் ஈரலை இங்கே மாவில் புரட்டி, வெங்காயமும் குடைமிளகாயும் சேர்த்து வதக்கித் தருகிறார்கள். எங்கள் வீட்டில் விரால் வாங்கினால் சினையையும் ஈரலையும் பிள்ளைகளுக்கென்று தனியாக எடுத்துவைப்பாள் அம்மா. ஒரு வாய் வைத்ததும் அந்த அடுப்படி நினைவுக்கு வந்தது. பிள்ளைகளில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். என் மகள் என் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றாள்.

லிட்டில் சாண்ட் பே

மறுநாள் காலை கயாக்குகளைக் கரையில் வரிசையாகக் கிடத்தினோம். இருவர் அமரும் கடல் கயாக்குகள். ஒவ்வொன்றும் ஆறு மீட்டருக்கு மேல் நீளம், ஒல்லியான உடம்பு. முன்னும் பின்னும் அறைகள். அவற்றுக்குள் தண்ணீர் புகாத பைகளில் கூடாரம், அரிசி, அடுப்பு, துணி எல்லாம் போகவேண்டும். பிள்ளைகள் உடனே புறப்படத் துடித்தார்கள். தலைமை வழிகாட்டிப் பெண் யாரையும் விடவில்லை. "முதலில் கவிழக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு போகலாம்" என்றாள்.

கவிழ்வதற்கு ஒரு முறை இருக்கிறது. இடுப்பில் மாட்டிய ரப்பர் பாவாடையின் விளிம்பு, கயாக்கின் வாயைச் சுற்றி இறுக்கமாகப் பொருந்தியிருக்கும். அலைத் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். கவிழ்ந்தால் தலை நீருக்குள்ளும் கால் படகுக்குள்ளுமாகத் தொங்குவோம். அப்போது பதறக்கூடாது. முன்னால் குனிந்து, பாவாடையின் முனையிலிருக்கும் வாரைப் பிடித்து முன்பக்கமாக இழுத்தால் அது கழன்றுவிடும். இரண்டு கையாலும் இடுப்பருகே ஊன்றித் தள்ளினால் உடம்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். உயிர்காப்பு அங்கி நம்மை மேலே தூக்கிவிடும். மொத்தம் நாலைந்து விநாடி வேலை.

பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு வேண்டாம்" என்றான். வழிகாட்டி அவனிடம் "பயப்படாதே" என்று சொல்லவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு, "எது பயமாக இருக்கிறது, சொல்" என்று கேட்டாள். "கால் மாட்டிக்கொண்டால்?" என்றான் அவன். அவள் பாவாடையைக் கழற்றிவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில், வெறும் படகில் அவனை உட்காரவைத்துக் கவிழ்த்தாள். தானே வெளியே வந்தான். இன்னொரு முறை. பிறகு பாவாடையோடு ஒரு முறை. நான்காவது முறை அவனே கேட்டுக் கவிழ்ந்தான். பயத்துக்கு மருந்து பயிற்சிதான் என்பதை இவ்வளவு பக்கத்தில் இருந்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது மீட்பு. கவிழ்ந்த படகின் மூக்கை, மீட்க வந்தவர் தன் படகின் மீது குறுக்காக இழுத்துப் போட வேண்டும். தண்ணீர் வடிந்ததும் நிமிர்த்தி, தன் படகோடு ஒட்டி இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீரில் கிடப்பவர் காலை உதைத்து, வயிற்றால் படகின் மேல் ஏறிக் குப்புறப் படுத்து, மெல்லத் திரும்பி உட்காருவார். ஒவ்வொரு பிள்ளையும் மீட்கவும் பழகியது, மீட்கப்படவும் பழகியது.

குளிர் தாங்கும் வெட்சூட் உடை போட்டிருந்தும், நான் கவிழ்ந்தபோது தண்ணீர் மண்டையில் அறைந்தது. ஜூலையிலும் இந்த நீர் 10 முதல் 15 டிகிரியில் இருப்பது சாதாரணம். நெஞ்சு தானாக இழுத்து வாங்குகிறது. மூச்சு நம் பேச்சைக் கேட்பதில்லை. குளிர்ந்த நீருக்கென்று ஒரு கணக்கைப் பிள்ளைகள் அங்கே மனப்பாடம் செய்தார்கள். ஒன்று, பத்து, ஒன்று. மூச்சை வசப்படுத்த ஒரு நிமிடம். கைகால் சொன்னபடி கேட்கும் காலம் பத்து நிமிடம். குளிரில் நினைவு தப்ப ஒரு மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் படகில் ஏறிவிடத்தான் இத்தனை பயிற்சியும்.

இந்தப் பக்கத்துப் படகுக்காரர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியத்தையும் அன்று கேட்டோம்: "இங்கே ஏரிதான் முதலாளி."

சாண்ட் தீவு

மதியம் கடந்து தண்ணீர் அடங்கியிருந்தபோது சாண்ட் தீவுக்குப் புறப்பட்டோம். படகுகள் பிரியக்கூடாது, கூப்பிட்டால் காது கேட்கும் தூரத்தில்தான் எல்லோரும். என் படகின் முன்னிருக்கையில் ஆசிரியை. எழுபதை நெருங்கும் வயதில் அவர் துடுப்பு போட்ட சீர், என்னை வெட்கப்பட வைக்காமல் உற்சாகப்படுத்தியது. கைக்கு வலு தோளில் இல்லை, இடுப்பைத் திருப்புவதில் இருக்கிறது என்று போகப்போகப் புரிந்தது. அடியில் பாறைகள் துல்லியமாகத் தெரிந்தன. பத்து மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கல்லையும் கை நீட்டி எடுக்கலாம் போலிருந்தது.

கிழக்கு விரிகுடாவில் கூடாரம் போட்டோம். நார்வே நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் மீன்பிடித்தும் பயிர் செய்தும் ஒரு காலத்தில் இங்கே ஆண்டு முழுக்க வாழ்ந்தன. பள்ளிக்கூடம்கூட இருந்தது. 1940-களில் கடைசிக் குடும்பமும் கரைக்குப் போய்விட்டது. இப்போது பழைய வயல்களைக் காடு திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலை குகைகளைப் பார்க்கப் போனோம். நூறு கோடி ஆண்டுப் பழமையுள்ள மணற்பாறை. கோடையில் அலை அரிக்கிறது. குளிர்காலத்தில் வெடிப்புகளில் புகுந்த நீர் உறைந்து பாறையைப் பிளக்கிறது. அப்படியே குடைந்து குடைந்து தூண்களும் வளைவுகளும் இருட்டறைகளுமாக ஆகிவிட்டது. செம்பழுப்புக் கல்லின் மேல் நீரில் பட்ட வெயில் வலைபோல் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு குகைக்குள் ஒரு படகுதான் போகலாம். உள்ளே அலை ஒதுங்கும் ஓசை, யாரோ பெரிய கதவைச் சாத்துவதுபோல் கேட்டது. உள்ளே போகுமுன் ஒவ்வொரு பிள்ளையும் வாசலில் நின்று ஏழெட்டு அலைகளை எண்ணிப் பார்த்த பிறகே நுழைந்தது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அங்கிருந்து காட்டுப்பாதையில் நடந்தால் தீவின் வடமுனையில் கலங்கரை விளக்கம். 1881-இல் இதே மணற்கல்லில் கட்டியது. விளக்கத்துக்கென்று ஒதுக்கிய நிலம் என்பதால் சுற்றியுள்ள பெரிய பைன் மரங்கள் கோடரிக்குத் தப்பிவிட்டன. மற்ற காடெல்லாம் ஒரு காலத்தில் வெட்டுப்பட்டது.

கோபுரத்தின் அடியில் உட்காரவைத்து வழிகாட்டி ஒரு சம்பவத்தைச் சொன்னார். 1905 செப்டம்பர் 2. இரும்புத்தாது ஏற்றிய செவோனா என்ற கப்பல், புயலில் ஒதுங்க இடம் தேடி வந்து, தீவுக்கு அருகே நீரடி மேட்டில் மோதி இரண்டாக உடைந்தது. பின்பகுதியில் இருந்தவர்கள் சிறு படகுகளில் தப்பினார்கள். முன்பகுதியில் மாட்டிக்கொண்ட கப்பல் தலைவரும் ஆறு பேரும் கைக்குக் கிடைத்த பலகைகளில் தெப்பம் கட்டி இறங்கினார்கள். ஏழு பேரும் கரை சேரவில்லை. விளக்கக் காவலர் இம்மானுவேல் லூயிக், இதே கோபுரத்திலிருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிள்ளைகள் வெகுநேரம் பேசவில்லை. எனக்கு எங்கள் ஊர்க் குட்டை நினைவுக்கு வந்தது. ஏழாம் வகுப்பு படிக்கையில், கோடை விடுமுறையில் என்னோடு படித்தவன் ஒருவன் அதில் மூழ்கிப் போனான். கரையில் ஆட்கள் நின்றார்கள், கூச்சல் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நீந்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. லூயிக்கின் முன்னால் இருந்தது பெரும்புயல். மனிதக் கையால் ஆவது எதுவும் இல்லை. எங்கள் குட்டையில் அன்று காற்றுகூட இல்லை.

யார்க் தீவு

இந்தப் பயணத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நாளும் பிள்ளைகளில் ஒருவர் தலைவர். எப்போது எழுவது, எந்த வழியில் போவது, எங்கே நிறுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. வழிகாட்டிகள் பின்னால் இருப்பார்கள். பெரியவர்களான நாங்கள் வாய் திறக்கக்கூடாது என்பது முதல் நாளே போட்ட நிபந்தனை.

யார்க் தீவில் வடக்கே பார்த்த பிறை வடிவ மணற்கரையில் தங்கியிருந்தோம். விடிந்தபோது வானம் பளிச்சென்று இருந்தது. அன்றைய தலைவி பதினாறு வயதுப் பெண், அதிகம் பேசாதவள். விடியுமுன் எழுந்து, கையடக்க வானொலியைக் காதோடு வைத்து, ஏரி வானிலை அறிக்கையைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தாள். நண்பகலுக்குள் வடகிழக்குக் காற்று வலுக்கும். சிறு படகுகளுக்கு எச்சரிக்கை.

கஞ்சி குடித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவில் வந்து நின்று, "இன்று போகவில்லை" என்றாள்.

எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பையன் வானத்தைக் காட்டினான். இன்னொருவன் இப்போதே கிளம்பினால் காற்றுக்கு முன் சேர்ந்துவிடலாம் என்றான். என் மகளும் அவர்கள் பக்கம்தான். "ரெண்டு மணி நேரம் போதும்ப்பா, நீங்க சொல்லுங்க" என்று என்னைத் தமிழில் இழுத்தாள். நான் வாய் திறக்கவில்லை.

தலைமை வழிகாட்டி தீர்ப்புச் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டாள். "அடுத்த தீவான ராஸ்பெரிக்குப் போக நம் வேகத்தில் எவ்வளவு நேரம்?" கணக்குப் போட்டார்கள். "நடுவில் காற்று முந்திக்கொண்டு வந்தால் எங்கே ஒதுங்குவது?" வரைபடத்தைப் பிரித்தார்கள். "வடகிழக்கில் என்ன இருக்கிறது?" என் மகள் விரலை வைத்துப் பார்த்தாள். ஓரிரு தீவுகள், அதற்கப்பால் வெறும் நீர். காற்றுக்குத் தடையே இல்லாமல் பல பத்து கிலோமீட்டர். அவ்வளவு தூரம் ஓடிவரும் காற்று எந்த உயரத்துக்கு அலையை எழுப்பும் என்று அவளுக்கே தெரிந்தது. வரைபடத்தை மடித்துத் தலைவியின் கையில் கொடுத்தாள்.

பதினோரு மணிக்கு நீரின் நிறம் மாறியது. அடிவானத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். அரை மணிக்குள் நாங்கள் குளித்துக்கொண்டிருந்த கரையில் ஆள் உயர அலைகள் வந்து விழுந்தன. பிள்ளைகள் எல்லோரும் மணலில் நின்று அதைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணை யாரும் புகழவில்லை, அவளும் "சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்று மாலையிலிருந்து வானொலி பேசத் தொடங்கினால் எட்டுப் பேரும் கூடிவிட்டார்கள்.

அன்றிரவு சமையல் என் மகள் முறை. என் மனைவி புட்டியில் கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சலைச் சுடுசோற்றில் கிளறிப் புளிசோறு செய்தாள். வழித்துணையாக நம்மவர்கள் கட்டிக்கொண்டு போவது அதுதானே. குளிர்காற்றில் அந்தப் புளிப்பும் காரமும் வயிற்றில் இறங்கியது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பயிற்சியின்போது வெளுத்த முகத்தோடு நின்ற அந்தச் சின்னப் பையன் பானையைச் சுரண்டிச் சாப்பிட்டான்.

ராஸ்பெரி தீவு

காற்று அடங்கிய காலை, கண்ணாடியாகக் கிடந்த நீரில் ராஸ்பெரிக்குப் போனோம். உயரமான மேட்டில் வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை, பூந்தோட்டம் என்று குடும்ப வீடு மாதிரியே இருக்கிறது இந்தக் கலங்கரை விளக்கம். 1863-இல் தொடங்கி, 1906-இல் மூன்று குடும்பங்கள் தங்கும்படி விரித்துக் கட்டினார்கள். காவலர்களின் மனைவி மக்களும் இங்கேயே இருந்தார்கள். நெடிய மரப்படிகளில் ஏறிப்போனால் பூங்காப் பணியாளர் ஒருவர் பழங்காலக் காவலர் உடையில் வரவேற்கிறார்.

காவலர்களின் பிள்ளைகளைப் பற்றி அவர் சொன்னவற்றைத்தான் நம் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்டார்கள். சுற்றிலும் நீர், பக்கத்து வீடு என்றால் இன்னொரு தீவு. அந்த வாழ்க்கையில் படகு, கயிறு, வானம் மூன்றையும் அறியாமல் ஒரு பிள்ளை வளர்ந்திருக்க வழியே இல்லை.

ஓக் தீவு

தீவுக் கூட்டத்திலேயே உயரமானது ஓக். ஏரி மட்டத்திலிருந்து நூற்றைம்பது மீட்டர் வரை எழும்புகிறது. கருங்கரடிகள் உலாவும் காடு. அதனால் சாப்பாடு, பல்பசை, சோப்பு என்று மணக்கும் பொருள் எதுவும் கூடாரத்தில் இருக்கக்கூடாது. முகாமிடத்தில் இதற்காகவே இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். இரவு படுக்குமுன் அன்றைய தலைவர் ஒவ்வொரு கூடாரமாகக் கேட்டு, எல்லாவற்றையும் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார். பாத்திரம் கழுவிய நீரிலிருந்த சோற்றுப் பருக்கையைக்கூட வடிகட்டி எடுத்துப் பையில் கட்டினார்கள். தீவில் நாம் தங்கியதற்கு அடையாளம் இருக்கக்கூடாது என்பது இங்கே சட்டம் மட்டுமல்ல, பிள்ளைகளுக்குப் பழக்கமாகவே ஆகியிருந்தது. இந்தத் தீவுகளின் நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு 2004 முதல் கேலார்ட் நெல்சன் பெயரில் காப்புக்காடு. கட்டடமோ சாலையோ இனி எழும்ப முடியாது.

கைப்பேசிக்கு அலைவரிசை இல்லாத இரவில் பிள்ளைகள் பேசிக்கொண்டே இருந்தார்கள். வட்டமாக உட்கார்ந்து, அன்று யார் தனக்கு உதவினார் என்பதை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். "என் படகு பின்தங்கியபோது அவள் துடுப்பை நிறுத்திக் காத்திருந்தாள்." "நான் குளிரில் நடுங்கியபோது இவன் தன் தொப்பியைத் தந்தான்." எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். வீட்டில் ஒரே அறையில் இருந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கும் வயதுப் பிள்ளைகள் இவர்கள். இங்கே ஒருவர் உதடு நீலம் பாரிப்பதை இன்னொருவர் முதலில் கவனிக்கிறார்.

ரெட் கிளிஃப்

கடைசிக் கடப்பில் கரைக்குத் திரும்பி ரெட் கிளிஃபில் ஏறினோம். இது ஓஜிப்வே பழங்குடி மக்களின் நிலம். கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கி வந்த அவர்களின் முன்னோருக்கு, நீரின் மேல் உணவு விளையும் இடம் வரை போங்கள் என்று வாக்குக் கிடைத்ததாக அவர்களுடைய மரபு சொல்கிறது. அந்த உணவு மனோமின் என்னும் காட்டரிசி. இந்தத் தீவுகளில் பெரிதான மேடலின் தீவு அவர்களுக்குப் புனித இடம்.

மீன்பிடி குடும்பத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் எங்களுக்கு மதிய உணவு தந்தார். புகையிட்ட வெள்ளைமீன், காட்டரிசிச் சோறு, அவுரிநெல்லிப் பழம். அரிசி நீளமாக, கருகருவென்று இருந்தது. நெருப்பில் வறுத்த மணம். நம் நெல்லுக்கு இது தூரத்துச் சொந்தம்தான், வேறு இனம். ஆனால் அவர் அறுவடையை விவரித்தபோது டெல்டாக்காரனான என்னால் சாப்பிடவே முடியவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன். கோடை முடியும்போது இருவர் ஒரு தோணியில் போவார்கள். ஒருவர் கழியூன்றித் தள்ள, மற்றவர் ஒரு குச்சியால் கதிரை வளைத்து, இன்னொரு குச்சியால் மெல்லத் தட்டுவார். முற்றிய மணி மட்டும் தோணிக்குள் உதிரும். சில தண்ணீரில் விழும். அடுத்த ஆண்டுக்கு அதுவே விதை. கதிர் ஒடியும்படி அடிப்பவனுக்கு அங்கே மரியாதை இல்லை.

இந்த ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையை அவர்கள் 1842, 1854 ஒப்பந்தங்களில் தக்கவைத்துக்கொண்டவர்கள். பிறகு அரசு மறுக்க, வழக்காடி, 1972-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். முதியவர் அந்த வழக்கைச் சொல்லும்போது குரல் உயரவில்லை. ஆனால் வலையைச் சுட்டிக்காட்டிய விரல் நடுங்கியது.

என் மகள் அவரிடம், "உங்களுக்கு இந்த ஏரியில் பயம் உண்டா?" என்று கேட்டாள். "உண்டு," என்றார் அவர். "என் தாத்தா அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்."

ஊருக்குச் சொல்ல

தாத்தா சொன்னதில் பாதியை நாமும் சொல்கிறோம். பயத்தைக் கற்றுக்கொடுக்கிறோம். படகில் ஏற்றிக்கொண்டு போகும் பாதியைத்தான் விட்டுவிட்டோம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-இல் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் பாதுகாப்பான மீட்பும் கற்பிப்பதை, இதைத் தடுக்கும் முக்கிய வழிகளில் ஒன்றாக அந்த நிறுவனமே பரிந்துரைக்கிறது. ஜூலை 25-ஐ மூழ்கல் தடுப்பு நாளாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருக்கிறது. நம் செய்தித்தாளிலோ ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அதே செய்தி. கல்குவாரிக் குட்டை, ஆற்று மணற்குழி, கோயில் குளம். ஒரு பிள்ளை தவறி விழ, காப்பாற்றக் குதித்த இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து போகும் கொடுமை. "போகாதே" என்ற சொல் அவர்களைத் தடுக்கவில்லை. போன பிறகு என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித் தந்திருக்கவும் இல்லை.

சுப்பீரியரில் நான் பார்த்த பிள்ளைகள் வீரர்கள் அல்லர். சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள். அவர்களிடம் இருந்தவை மூன்றே விஷயங்கள்: கவிழ்ந்தால் வெளியே வரத் தெரியும், அடுத்தவரை எப்படி மீட்பது என்று தெரியும், எப்போது இறங்கக்கூடாது என்றும் தெரியும். மூன்றையும் கற்றுக்கொடுக்க அமெரிக்க ஏரியோ விலையுயர்ந்த கயாக்கோ தேவையில்லை. இடுப்பளவுத் தண்ணீர் உள்ள குளமும், பொறுமையான ஆசிரியர் ஒருவரும், சில உயிர்காப்பு அங்கிகளும் போதும். தமிழ்நாட்டில் குளத்துக்கும் ஏரிக்கும் பஞ்சமில்லை. நீந்தத் தெரிந்த இளைஞர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

பள்ளிகளும் ஊராட்சிகளும் இதைக் கையில் எடுக்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல், இதைப் படிக்கும் நீங்கள் வரும் கோடையில் உங்கள் வீட்டுப் பிள்ளையை, நீந்தத் தெரிந்த ஒருவர் துணையோடு, தண்ணீருக்குள் அழைத்துப் போங்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்தே அழைத்துப் போங்கள்.